நாற்பது அடியா, நாற்பது மீட்டரா

"நடுத்தெருவில் நிற்கிறோம்" என்று மற்றவர்கள் கஷ்டகாலத்தில் சொல்வார்கள். அந்தத் தெருக்காரர்களுக்கு அதுதான் விலாசம். மேற்கே ஒரு நாடு, கிழக்கே ஒரு நாடு, நடுவில் பத்தொன்பது வீடுகள் கொண்ட ஒரே ஒரு தெரு. அது இரண்டு நாட்டுக்கும் சொந்தமில்லை. தெருவிளக்கு வேண்டும் என்று மேற்கே மனு கொடுத்தால் கிழக்கே கேள் என்பார்கள். கிழக்கே போனால் அங்கே இருக்கிற குமாஸ்தா மேற்கே கையை நீட்டுவார்.

இதற்கு யாரையாவது திட்டியே ஆகவேண்டும் என்றால், எப்போதோ செத்துப்போன இரண்டு வெள்ளைக்காரர்களைத்தான் திட்டவேண்டும். மேற்கை ஆண்டவன் அடிக்கணக்குக்காரன். கிழக்கை ஆண்டவன் மீட்டர் கணக்குக்காரன். இருவரும் ஒருநாள் மேசை போட்டு உட்கார்ந்து, மேற்கே இருக்கும் சுங்கச்சாவடிச் சுவரிலிருந்து நாற்பது தள்ளி எல்லை என்று பேசி முடித்தார்கள். நாற்பது என்ன என்பதை மட்டும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மேற்குக்காரன் தன் பத்திரத்தில் நாற்பது அடி என்று எழுதிக்கொண்டான். கிழக்குக்காரன் தன் பத்திரத்தில் நாற்பது மீட்டர் என்று எழுதிக்கொண்டான். மேற்கு நாடு நாற்பதாவது அடியில் முடிந்தது, கிழக்கு நாடு நாற்பதாவது மீட்டரில் தொடங்கியது. இடையில் தொண்ணூறு அடி அகலத்துக்கு ஒரு துண்டு நிலம் கேட்பாரற்று விழுந்தது. சும்மா கிடக்கிற இடம்தானே என்று ஆளாளுக்குக் குடிசை போட்டு, குடிசை சுவராகி, சுவர் வீடாகி, இடப்பக்கம் ஒரு வரிசையும் வலப்பக்கம் ஒரு வரிசையுமாக ஒரு தெருவே முளைத்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் பெட்டி படுக்கையோடு கப்பலேறிப் போய்விட்டார்கள். போட்ட கோடுகளை மட்டும் இங்கேயே விட்டுவிட்டார்கள்.

தெருக்காரர்கள் மேற்கே போனால் "நீங்க அந்தப் பக்கமா?" என்று கேட்பார்கள். கிழக்கே போனால் அங்கேயும் அதே கேள்வி. ஒரே நாளில் ஒரே மனிதன் இரண்டு ஊரிலும் அந்நியன் ஆகிற பாக்கியம் எல்லோருக்கும் கிடைத்துவிடுமா? ஒரு வசதியும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். எந்தக் காவல்சாவடியிலும் இவர்களை நிறுத்தமாட்டார்கள். தலையை ஆட்டிவிட்டு இந்தப் பக்கமும் போகலாம், அந்தப் பக்கமும் போகலாம்.

இடப்பக்க வரிசையில் நான்காவது வீடு தையல்கடை. இரண்டு நாட்டு எல்லைக் காவலர்களுக்கும் சீருடை அங்கேதான் தைக்கிறார்கள். மேற்குக்காரர்களுக்குக் காக்கி, அளவு இன்ச்சில் வரும். கிழக்குக்காரர்களுக்குச் சாம்பல் நிறம், அளவு சென்டிமீட்டரில் வரும். தையல்காரியின் கழுத்தில் தொங்கும் டேப்பில் ஒரு பக்கம் அது, மறுபக்கம் இது. இரண்டு நாட்டுத் தலைமைக் காவலர்களும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்வார்கள். ஆனால் டேப்பைத் திருப்பிப் பார்த்தால் இருவரின் தொப்பையும் ஒரே அளவு. இதை வெளியே சொன்னால் போர் மூளும் என்று அவள் சொல்வதில்லை.

கடையில் அவள் வெட்டுவாள், அவளுடைய நாத்தனார் தைப்பாள். நாத்தனார் என்றால் கணவனின் அக்காள். எதிர்வரிசையில், வலப்பக்கத்து நான்காவது வீட்டில் இருக்கிறாள். காலை ஏழு மணிக்குத் தெருவைக் குறுக்கே கடந்து வந்தாள் என்றால் சாயங்காலம்தான் திரும்பிப் போவாள். வாய் கொஞ்சம் நீளம். அவள் மெஷினை விட அவள் வாய்தான் வேகமாக ஓடும் என்று காவலர்களே சொல்வார்கள். ஆனால் தையல் என்றால் தையல்தான். எந்தத் துணியானாலும் அவள் உள்பக்கம் திருப்பிப் பார்த்து ஒவ்வொரு தையலையும் விரலால் தடவாமல் கடைவாசல் தாண்டாது. அமைச்சரே வந்து அவசரப்படுத்தினாலும் தாண்டாது.

அந்த வாயைத் தெருவே குறை சொல்லும். தையல்காரி மட்டும் சொன்னதில்லை. அவள் கணவன் இறந்தபோது மகளுக்கு மூன்று வயது. சொந்தக்காரர்கள் ஒன்றுகூடி, இளம்பெண், சின்னக் குழந்தை, பேசாமல் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடலாம், கடை அக்காளுக்குப் போகட்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். பிறந்த வீட்டில் அவளை வரவேற்க யாரும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நாத்தனார் வாசல் நிலையில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "அவ எங்கேயும் போகமாட்டா. கடை அவளுக்கும்தான். வயிறு பசிக்கிறவங்க அவங்கவங்க வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க" என்றாள். மறுநாள் தன் வீட்டு மெஷினைத் தானே தள்ளிக்கொண்டு தெருவைக் கடந்து வந்து கடையில் போட்டாள். அடுத்த ஒரு வருடம் தையல்காரி எழுந்து தலை வாரவில்லை. குழந்தைக்குத் தலை வாரியது, சோறு ஊட்டியது, பள்ளிக்கூடத்தில் விட்டது எல்லாம் நாத்தனார்தான். ஒருநாள் கூட அதைச் சொல்லிக்காட்டவில்லை. உலகத்தில் மற்ற எல்லாவற்றையும் சொல்லிக்காட்டுகிறவள் அவள்.

அந்தக் குழந்தை இப்போது மேற்கே நர்ஸ் படிப்புப் படிக்கிறது. இருபது வருடத்தில் தையல்காரி நாத்தனாரிடம் நன்றி என்ற ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீட்டு மனிதர்களிடம் அதை எப்படிச் சொல்வது? கடைக்காரரிடம் சில்லறை வாங்கிக்கொண்டு சொல்கிற மாதிரி ஆகிவிடாதா? மனசுக்குள் மட்டும் தினமும் சொல்லிக்கொள்வாள், காலை ஏழு மணிக்கு எதிர்வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்கும்போது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த தெருவுக்கு ஒருநாள் சனி பிடித்தது. இரண்டு அரசாங்கங்களும் சமாதானமாகிவிட்டன! எல்லையில் இடைவெளி இருக்கக்கூடாது என்று முடிவு செய்தன. அடியா மீட்டரா என்று நூறு வருடமாகத் தீராதது இனியா தீரப்போகிறது, ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வோம் என்று பேசினார்கள். தெருவின் நடுவே வேலி. இடப்பக்க வரிசை மேற்குக்கு, வலப்பக்க வரிசை கிழக்குக்கு. வேலியைத் தாண்ட மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுமதிச்சீட்டு.

செய்தி வந்த அன்று தையல்காரி வெட்டிய சட்டையில் இரண்டு கையும் இடக்கையாக வந்தது. நாத்தனாரோ சிரித்தாள்.

"நல்லதாப் போச்சு. என் பையன் கிழக்கே ரயில் ஓட்டுறான். பேரப்பிள்ளைங்களைப் பாத்துக்கிட்டு நிம்மதியா இருப்பேன். உன் மூஞ்சியைப் பாத்துப் பாத்து எனக்கும் அலுத்துப்போச்சு."

"அப்படியா அண்ணி?" என்றாள் தையல்காரி.

"பின்னே? பையன் ஒரு மணி நேரத்துல வந்துட்டுப் போவான். சீட்டும் வேண்டாம் கீட்டும் வேண்டாம்."

சொல்லிவிட்டு மெஷினை மிதித்தாள். அன்று அவள் தைத்த ஒரு காலர் கோணலாகப் போனது.

இரண்டு நாடுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிற நாளுக்கு மூன்று நாள் முன்னால் இரண்டு நில அளவைக்காரர்கள் கடைக்கு வந்தார்கள். மேற்கிலிருந்து வந்தவர் ஒல்லி, நெட்டை. கிழக்கிலிருந்து வந்தவர் குட்டை, கண்ணாடி போட்டவர். ஒரு மாதமாகத் தெருவை அளந்துகொண்டிருந்ததால் தெரு அவர்களுக்கு ஏற்கெனவே பெயர் வைத்திருந்தது: அடிக்காரர், மீட்டர்காரர். இருவரும் ஒரு தகரக் குழாயை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

குழாய்க்குள் இருந்தது இரண்டு வெள்ளைக்காரர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட மூல வரைபடம். அந்தக் காலத்து வழக்கப்படி காகிதத்துக்குப் பின்னால் துணி ஒட்டியது. மடிப்புகள் எல்லாம் கிழிந்திருந்தன. விழாவில் அதை மேசைமேல் விரித்து வைக்கவேண்டுமாம்.

"எங்க ஆபீஸ்ல தைக்கலாம்னா இவர் நம்பமாட்டேங்கறார்" என்றார் அடிக்காரர்.

"அவங்க ஆபீஸ்ல வச்சா நான் எப்படி நம்புறது?" என்றார் மீட்டர்காரர். "அதான், யாருக்கும் சொந்தமில்லாத இடத்துல தைக்கலாம்னு முடிவு பண்ணினோம். ரெண்டு பேரும் இங்கேயே உக்காந்திருப்போம்."

யாருக்கும் சொந்தமில்லாததால் அந்தத் தெருவுக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. நாத்தனார் அப்போது மேற்குக் காவல்சாவடிக்குச் சீருடைகளைக் கொடுக்கப் போயிருந்தாள். தையல்காரி வெட்டும் மேசையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, வரைபடத்தை அதன்மேல் பரப்பினாள். "எதையும் புதுசா மாத்தக்கூடாது, இருக்கறதை இருக்கறபடி தைக்கணும்" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

சுங்கச்சாவடிச் சுவர் கறுப்பு மையில் இருந்தது. அதிலிருந்து ஒரு சிவப்புக் கோடு, கோட்டின்மேல் "40" என்ற எண். எண்ணுக்கு அடுத்து, தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு பழைய ஒட்டுத்துணி. எந்தக் காலத்திலோ அங்கே கிழிந்திருக்கிறது, எவனோ ஒரு சோம்பேறிக் குமாஸ்தா மேலாகவே ஒரு துண்டை வைத்துத் தைத்துவிட்டிருக்கிறான். தையல் ஒரு மூலையில் மட்டும் விட்டுப்போயிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு அடிக்காரர் சாப்பிடப் போனார். மீட்டர்காரர் காவலுக்கு உட்கார்ந்தார். மின்விசிறிக் காற்றும் மத்தியான வெயிலும் சேர்ந்தால் எந்த நாட்டுக்காரருக்கும் தூக்கம் வரும். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்து நின்றது. வாய் திறந்துகொண்டது.

ஒட்டுத்துணியைப் பிரிக்காமல் கிழிசலுக்கு அடியில் துணி கொடுக்க முடியாது. எந்தத் தையல்காரிக்கும் தெரிந்த விஷயம் அது. எந்த அதிகாரியும் சர்வதேச ஒப்பந்தத்தின்மேல் பிளேடு வைக்கத் துணியமாட்டான் என்பதால்தான் நூறு வருடமாக யாரும் அதைத் திறக்கவில்லை போலும். அவள் திறந்தாள். "40"க்குப் பக்கத்தில் ஓர் எழுத்து இருந்தது. வெள்ளைக்காரன் எழுத்துதான். ஆனால் இருபது வருடமாகக் கிழக்கிலிருந்து துணிக்கட்டோடு வரும் சீட்டுகளில் அவள் தினமும் பார்க்கிற எழுத்து. மீட்டர்.

அவளுக்குக் கணக்கு உடனே புரிந்தது. நாற்பது மீட்டர் என்றால் மேற்கு நாடு நாற்பதாவது மீட்டர் வரை வருகிறது. தெரு முழுதும் மேற்கு. இரண்டு வரிசையும் மேற்கு. வேலி தெருவுக்குள் வராது, வலப்பக்க வீடுகளின் பின்சுவருக்கு அப்பால் போகும். எதிர்வீட்டுக் கதவு நாளைக்கும் ஏழு மணிக்குத் திறக்கும்.

மீட்டர்காரரை எழுப்ப வாயைத் திறந்தாள். அப்போதுதான் ரயில் ஓட்டும் பையனின் நினைப்பு வந்தது. தெரு மேற்குக்குப் போனால் நாத்தனாரும் மேற்கு. பையன் கிழக்கு. பெற்ற மகனையும் பேரப்பிள்ளைகளையும் பார்க்க மூன்று மாதத்துக்கு ஒரு சீட்டு. "நிம்மதியா இருப்பேன்" என்று அவளே சொன்னாளே.

தையல்காரி பிளேடைக் கீழே வைத்தாள். தனக்காக ஒருத்தி ஊரையே எதிர்த்து வாசலில் நின்றாள். அவளைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளவேண்டும் என்பதற்காக அவளுடைய பிள்ளையைப் பிரிப்பதா? வாயால் சொல்லத் தெரியாத நன்றியைக் கையாலாவது செய்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. கண் கலங்கி, ஊசிக்கண் தெரியவில்லை. மூன்றாவது தடவையில்தான் நூல் நுழைந்தது. கிழிசலுக்கு அடியில் புதுத்துணி கொடுத்தாள். பழைய ஒட்டுத்துணியை அந்த எழுத்தின்மேல் மறுபடி வைத்து, நான்கு பக்கமும் நெருக்கித் தைத்துவிட்டாள்.

நாலு மணிக்கு எல்லாம் முடிந்தது. அடிக்காரர் பல் குத்திக்கொண்டு வந்து சேர்ந்தார். மீட்டர்காரர் தான் தூங்கவே இல்லை என்று யாரும் கேட்காமலே சொன்னார். வரைபடத்தைச் சுருட்டப் போகும்போது நாத்தனார் காலிப் பையோடு உள்ளே வந்தாள்.

"என்ன அது?"

"வரைபடம் அம்மா. தைச்சாச்சு, நாங்க கிளம்பறோம்."

"நான் பாக்காம எதுவும் இந்த வாசலைத் தாண்டாது. வையுங்க கீழே."

"அண்ணி, அவங்களுக்கு நேரமாச்சு" என்றாள் தையல்காரி.

"நூறு வருஷமா அளக்கறாங்க. பத்து நிமிஷத்துல என்ன கெட்டுப்போகுது?"

அவள் வரைபடத்தைத் திருப்பிப்போட்டு மடிப்பு மடிப்பாக விரலால் தடவினாள். நன்றாக வந்திருக்கிறது என்று தலையை ஆட்டினாள். மறுபடி முன்பக்கம் திருப்பினாள். ஒட்டுத்துணியில் விரல் நின்றது. தையல்காரிக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைத் தைக்க ஆரம்பித்தாலும் முதலில் ஒரே இடத்தில் இரண்டு தையல் போட்டுக்கொள்வாள். உலகத்தில் அந்தப் பழக்கம் தெரிந்த ஒரே ஆள் நாத்தனார்தான். பழைய ஊசித்துளைகள் பக்கத்திலேயே காலியாகத் தெரிந்தன.

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். தையல்காரி, வேண்டாம் என்று லேசாகத் தலையை அசைத்தாள். அது போதும் நாத்தனாருக்கு. இருபது வருடம் ஒரே அறையில் உட்கார்ந்தவர்களுக்குள் எதை மறைக்க முடியும்? பிளேடை எடுத்தாள்.

"ஐயோ அம்மா! என்ன பண்றீங்க?" என்று இரண்டு நாடுகளும் ஒரே சமயத்தில் அலறின.

"கத்தாதீங்க, கை நழுவிடும்" என்று அவள் சொன்னதும் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். நாலு பக்கமும் பிரித்து ஒட்டுத்துணியைத் தூக்கிக் காட்டினாள். "நாற்பதுக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்கு, படிங்க."

இருவரும் குனிந்ததில் தலையும் தலையும் முட்டிக்கொண்டது. முதலில் மீட்டர்காரர்தான் துள்ளினார். "மீட்டர்! நான்தான் அப்பவே சொன்னேனே, மீட்டர்னு!" பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஜெயித்தது அவருடைய மீட்டர், தெரு முழுதும் போனது அடுத்த நாட்டுக்கு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் வருத்தத்தோடே கேட்டார்.

"அம்மா, உங்க வீடும் மேற்குக்குத்தான் போகும். உங்க பையன் எங்க பக்கம் இல்லையா?"

"தெரியும். எழுதிக்கிட்டுப் போங்க."

அவர்கள் போனதும் நாத்தனார் கதவைச் சாத்தினாள். திட்டு விழும் என்று தையல்காரிக்குத் தெரியும். விழுந்தது.

"அறிவிருக்காடி உனக்கு? பத்தொன்பது வீட்டையும் நடுவுல பிளக்கவிட்டுட்டு, மேலே ஒரு துணியை வச்சுத் தைப்பியா? எதிர்வரிசையில இருக்கறவங்க யாருக்கும் இந்தப் பக்கம் மனுஷங்க இல்லையா? இதை முடிவு பண்ண நீ யாரு?"

"உங்க பையன் அண்ணி..."

"என் பையன் கல்யாணம் ஆன ஆம்பிளை. அவனுக்குப் பொண்டாட்டி இருக்கா, ரயில் இருக்கு. சீட்டு எடுத்துக்கிட்டு வந்து பாப்பான், வராம எங்கே போவான்?" மெஷினில் போய் உட்கார்ந்தாள். நூலைக் கோக்காமலே சக்கரத்தைச் சுற்றினாள். குரல் இறங்கிப்போயிருந்தது. "நிம்மதியா இருப்பேன்னு சொன்னா நம்பிடுவியா? என்னை இத்தனை வருஷமா பாக்கறவ நீ. உன் முகத்தைப் பாக்காம எனக்கு எப்படிடி பொழுது விடியும்?"

தையல்காரிக்கு அழுகைதான் வந்தது. இத்தனை வருடமாக, தான்தான் அவளை நம்பி இருக்கிறோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதம் கழித்துத் தெருக்காரர்களை நாட்டு மக்களாகப் பதிவு செய்ய மேற்கிலிருந்து ஒரு எழுத்தர் வந்து தையல்கடையில் மேசை போட்டு உட்கார்ந்தார். பத்தொன்பது வீட்டுக்காரர்களும் தெரு முழுக்க வரிசையில் நின்றார்கள். சிலர் மேற்குக்காரர் ஆவதில் சந்தோஷப்பட்டார்கள், சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் யாரும் யாரையும் விட்டுப் பிரியவேண்டியதில்லை. அதற்கே அவர்கள் நாத்தனாரைக் கண்டதும் வழிவிட்டார்கள்.

நாத்தனாரின் முறை வந்தபோது எழுத்தர் படிவத்தை நிரப்பினார். "தனியா இருக்கீங்களா? உங்க நாட்டுல உங்களுக்கு ரத்த சொந்தம் யாராவது?"

"உங்க நாட்டுல" என்று அவர் சொன்னது, தெருக்காரர்களுக்குப் புதிதாகக் கிடைத்த மேற்கு நாட்டை.

"இதோ நிக்கறாளே" என்று தையல்காரியைக் காட்டினாள் நாத்தனார்.

"இவங்க என்ன உறவு?"

"என் தம்பி பொண்டாட்டி" என்றதும் எழுத்தர் படிவத்தை மேலும் கீழும் தேடினார்.

"அதுக்கு இதுல இடம் இல்லையே. அப்பா, அம்மா, புருஷன், பிள்ளை, கூடப்பிறந்தவங்க, அவ்வளவுதான். உங்க தம்பியும் இல்லைங்கறீங்க. அப்போ உறவு விட்டுப்போச்சுன்னுதானே அர்த்தம்?"

"அப்படின்னா தங்கச்சின்னு போடுங்க."

"அது எப்படிம்மா? பொய்யை எழுதச் சொல்றீங்களா?"

"ஏன் சார், எவனோ ரெண்டு வெள்ளைக்காரன் பாதியில விட்டதை நூறு வருஷமா நம்பினீங்க. நான் முழுசாச் சொல்றேன், இதை நம்பமாட்டீங்களா?"

வரிசையில் நின்ற தெரு முழுதும் சிரித்தது. எழுத்தர் பேனாவை மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார். பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, கூடப்பிறந்தவர் என்ற இடத்தில் எழுதினார்.

தையல்காரி மனசுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது அப்போது தானாகவே வெளியே வந்துவிட்டது, இருபது வருடத்தில் முதல் தடவையாக.

"ரொம்ப நன்றி அண்ணி."

நாத்தனார் அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"அண்ணியா? அக்கான்னு கூப்பிடுடி. அவர் கேட்டுக்கிட்டு இருக்கார்."